இருநூற்றுப் பதினைந்தாவது தாள்

சண்முகவடிவுக்கு முத்துக்கரை ஆலையில் பத்தொன்பது வருஷ சர்வீஸ். அதில் அவளுக்கு நினைவிருப்பது கடைசி மூன்று வருஷம்தான். புதிதாகக் கேட்பவர்கள் இதற்குப் பதறுவார்கள். அவள் பதறியதில்லை. சம்பந்தி வீட்டில் யாரோ என்றைக்கோ சொன்ன ஒரு சொல்லை முப்பது வருஷமாக மனசில் வைத்துப் புழுங்குகிற ஜனங்களைப் பார்க்கும்போதெல்லாம், தான் கொடுத்துவைத்தவள் என்றுதான் நினைத்துக்கொள்வாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கி மூன்று மாவட்டத்துக்கு அனுப்பும் ஆலை அது. வடிவு அங்கே ஆவணப் பொறுப்பாளர். கம்ப்யூட்டரில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக் காட்டலாம் என்று ஆகிப்போய், கோர்ட்டுகள் அதை நம்ப மறுத்த பிறகு, ஒழிந்தது என்று நினைத்த காகிதம் ஆபீஸ்களுக்குத் திரும்பி வந்துவிட்டது. ஸ்டோரில் ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் சீட்டு எழுத வேண்டும். வடிவு கையால் எண் போட்டால்தான் அந்தச் சீட்டுக்கு உயிர்.

மூன்று மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அழிப்பு நாள். கெடு முடிந்த தாள்களை மேசை முழுக்கப் பரப்பி, ஒருவர் பெயர் வாசிக்க, மற்றவர் பட்டியலில் டிக் அடிப்பார். அரைக்கிற இயந்திரமும் தன் பங்குக்கு எண்ணிக்கொண்டே விழுங்கும். கடைசியில் இரண்டு எண்ணிக்கையையும் அழிப்புப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று சீட்டுக்கு எண் போடுவது கிடையாது. யாராவது கொண்டுவந்தால், வடிவின் மேசையில் தாள் பறக்காமல் இருக்க வைத்திருக்கும் வெண்சங்குக்கு அடியில் செருகிவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை எண் விழும். யார் ஆரம்பித்த வழக்கமோ, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

"எதையும் வச்சுக்கிட யாருக்கும் தெரியும். எதை எப்போ தூக்கிப் போடணும்னு தெரியுறதுதான் வேலை" என்பாள் வடிவு. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை பட்டுக்கனி என்ற பெண் ஆவணப் பிரிவு ஜன்னலுக்கு வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரே ஒரு கடிதம். பார்வையாளர் நோட்டில் பெயர் எழுதி, 'வந்த காரியம்' என்ற கட்டத்தில் எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் உச்சிமாகாளி. குளோரின் ரூம்ல இறந்தாருல்லா, அவருதான்."

வடிவுக்கு அந்த விபத்து தெரியும். அறிக்கையில் படித்துத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளோரின் கசிந்தது, உச்சிமாகாளி என்ற ஊழியர் சரியான முகமூடி இல்லாமல் விதியை மீறி உள்ளே போனார், இறந்தார். அன்றைய நாள் அவள் மனசில் இல்லை.

பட்டுக்கனி கடிதத்தை நீட்டினாள். அவள் மகள் இதே ஆலையில் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். 'விதி மீறி இறந்தவரின் வாரிசு என்பதால் பரிசீலிக்க இயலாது' என்று ஒரு வரியில் பதில் வந்திருந்தது.

"வேல கிடைக்கலன்னா போவட்டும்மா. இந்த ஒரு வரி இருக்குல்லா, அத எடுக்கணும். அவரு சாப்பிட உக்காருதப்பவே இலய நேராப் போட்டுத்தான் உக்காருவாரு. அவரா விதிய மீறுவாரு? அன்னைக்குக் கதவுக்கு வெளிய நின்னவரு ஒருத்தர் இருக்காராமே. அவருட்ட நானே கேட்டேன். வாயத் திறக்க மாட்டேங்காரு."

"அவரால சொல்ல முடியாதும்மா. சொன்னாக் குத்தம்." வடிவு தன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பட்டையைத் தொட்டுக் காட்டினாள். "இத மாட்டிக்கிட்டு நாங்க பாத்தது, கேட்டது எல்லாம் ஆலைக்குச் சொந்தம். ஆலை ஒரு நகல் வச்சிருக்கும். கெடு முடிஞ்சா நகலயும் அழிச்சிருவோம், ஆள் மனசுல இருக்கதயும் அவுத்து விட்டுருவோம். நாற்காலியில பத்து நிமிஷம் உக்காந்தாப் போதும். சாதாரண நாளுக்கு மூணு வருஷம். விபத்து நாளுக்கு ஏழு வருஷம்."

"அப்போ வேல எப்படிப் பாப்பிய?"

"வேல மறக்காது. கை பழகினதும் போவாது. நாள்தான் மறக்கும்."

பட்டுக்கனி அதை யோசித்தாள். "இதுக்கு எப்படிச் சம்மதிச்சிய?"

"வேலையில பட்ட அசிங்கம், அவமானம் எல்லாம் மூணு வருஷத்துல ஒண்ணுமில்லாமப் போயிருதுல்லா. சங்கத்துக்காரங்களே கேட்டு வாங்குனதா ரெக்கார்டுல இருக்கு."

"ஏழு வருஷம்னா... இன்னும் எத்தன நாள் இருக்கு?"

வடிவு கணக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது வரப்போகும் அழிப்புப் பட்டியலிலேயே இருந்தது. பதினோரு நாள்.

பட்டுக்கனி போன பிறகு வடிவு பார்வையாளர் நோட்டை எடுத்துப் பார்த்தாள். வந்த காரியம் என்ற கட்டத்தில், 'கேஸ் போடப் போகிறேன். அதற்கு விவரம் கேட்க' என்று எழுதியிருந்தது.

பொது மேலாளர் கோமதிநாயகம் நல்ல மனிதர்தான். வம்பு என்றால் மட்டும் ஆகாது. வடிவு நீட்டிய நோட்டைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வடிவம்மா, வாயால சொல்லுதவங்க எத்தன பேர். நோட்டீஸ் வரட்டும், பாப்போம்."

"நோட்டீஸ் வாரதுக்குள்ள பதினோரு நாள் ஓடிரும் சார்."

"ஓடட்டுமே. கெடு முடிஞ்சு அழிச்சா அது சட்டப்படிதான."

"வழக்கு வரும்னு நியாயமாத் தோணின நிமிஷத்துலேருந்து எதையும் அழிக்கக் கூடாதுன்னு நம்ம கையேட்டுலயே இருக்கு சார். நீங்க கையெழுத்துப் போட்ட கையேடு."

"தோணினாத்தான?"

"எனக்குத் தோணிருச்சு சார். அவங்க எழுதியே குடுத்துட்டுப் போயிருக்காங்க. நாளைக்குக் கோர்ட்டுல இந்த நோட்டக் கேட்டா, தெரிஞ்சே அழிச்சோம்னு ஆயிரும்."

கோமதிநாயகம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "உம்ம நோட்டு நமக்கு எமனா வந்திருக்கு" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அன்று மதியமே அந்த விபத்துச் சம்பந்தப்பட்ட எல்லாக் கட்டுகளுக்கும், அழிக்கக் கூடாது என்பதற்கான சிவப்பு நாடா விழுந்தது. அன்று கதவுக்கு வெளியே நின்றவனின் நினைவுக்கும் சேர்த்துத்தான்.

அவன் பெயர் சேவியர் மச்சாது. ஷிப்ட் சூப்பர்வைசர். சாயங்காலம் இரண்டு கிளாசில் டீ வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை வடிவின் மேசையில் சங்குக்குப் பக்கத்தில் வைத்தான். தினமும் செய்கிறதுதான். அன்றைக்கு உட்காரவில்லை.

"பதினோரு நாள்க்கா."

"தெரியும்."

"காலண்டர்ல ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டு வாரேன். ரெண்டாயிரத்து ஐந்நூத்துச் சொச்சம் நாள் அடிச்சிருக்கேன். கதவ நான்தான் இழுத்துப் பிடிச்சிருந்தேன். உள்ளருந்து சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் நின்னுருச்சு. எங்க வீட்டுல மிக்ஸி நின்னாக்கூட எனக்குத் தூக்கிப் போடுது. இன்னும் பதினோரு நாளுன்னு எம் பொண்டாட்டி மாதா கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டிருக்கா."

வடிவு எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"கேஸ் முடிஞ்ச மறுநாளே நாடாவ எடுத்துருதேன் சேவியர். சத்தியமா."

"வேண்டாம்க்கா. இப்பமே எடுத்துருங்க." அவன் குரல் தாழ்ந்தது. "எனக்காக மட்டும் கேக்கேன்னு நினைக்காதிய. உங்க நல்லதுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

மேலாளரிடம் தனக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று சொல்கிறான்போல என வடிவு நினைத்துக்கொண்டாள். "என்ன ஒண்ணும் செஞ்சிர மாட்டாங்க" என்றாள்.

சேவியர் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு கிளாசை எடுத்துக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து டீ வரவில்லை.

வழக்கு வந்தது. ஆலையின் பதில் மனு எளிமையாக இருந்தது. உச்சிமாகாளியின் முகமூடியில் வடிகட்டி காலாவதியாகியிருந்தது உண்மை. புதிது வேண்டுமென்றால் அவர் சீட்டு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஆதாரமாக ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது: 'மேற்படி ஊழியரிடமிருந்து வடிகட்டி கோரி எந்தச் சீட்டும் பதிவில் இல்லை.' கீழே வடிவின் கையெழுத்து. அவள் சீட்டுப் பதிவேட்டை மூன்று முறை புரட்டிப் பார்த்தாள். சான்றிதழில் பொய் இல்லை. அந்த மாசத்துச் சீட்டுகளில் ஒரு எண்கூட விடுபடவில்லை.

சேவியரின் நினைவைத் திறந்து கேட்கக் கோர்ட் உத்தரவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன் நடந்த விசாரணையில், கதவு விதிப்படி மூடப்பட்டதா என்று மட்டும்தான் அவனைக் கேட்டிருந்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தான். அதற்கு மேல் தோண்ட யாருக்கும் தேவை இருக்கவில்லை.

ஆலையின் கூட்ட அறையில் கோர்ட் அதிகாரி, இரண்டு பக்கத்து வக்கீல்கள், கோமதிநாயகம், பட்டுக்கனி. நகலைப் பொறுப்பாளர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும் என்பதால் வடிவும் இருந்தாள். சேவியர் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அதிகாரி படம் வேண்டாம், ஒலி போதும் என்று சொல்லிவிட்டார். அவரும் மனிதர்தானே.

முதலில் அபாயச் சங்கொலி, ஆட்கள் ஓடும் சத்தம். பிறகு கதவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல், இருமலுக்கு நடுவில்.

"சேவியரு. வால்வ மூடிட்டேன். நீ கதவத் தொறந்திராத. வெளிய நாப்பது பேரு நிக்காவ."

சேவியரின் குரல் ஏதோ கத்தியது.

"முகமூடி இழுக்கல சேவியரு. வடிகட்டி போச்சு. வெள்ளிக்கிழமையே சீட்டு எழுதிக் கொண்டு போனேன். வடிவக்கா எண்ணிக்கிட்டிருந்தாவ. சங்குக்கு அடியில வச்சிட்டு வந்தேன். அவுகளத் திட்டாதிய."

அதன்பிறகு இருமல் மட்டும் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

பட்டுக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷம் கழித்துக் கேட்ட புருஷன் குரல் அது. அவள் வடிவைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது வடிவுக்கு. வடிவு பார்த்தது சேவியரை. ஏழு வருஷமாகத் தினமும் இந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் மேசையில் அந்தச் சங்குக்குப் பக்கத்திலேயே டீயை வைத்திருக்கிறான்.

ஆலை வக்கீல் எழுந்து, இறக்கும் தறுவாயில் ஒருவர் சொன்னது மட்டும் போதாது, சீட்டு இருந்ததற்கு எழுத்தில் ஆதாரம் எதுவும் இல்லை என்றார். அது முறையான வாதம்தான்.

வடிவு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆவண அறைக்கு நடந்தாள். எல்லாவற்றையும் அழித்தாலும் அழிப்புப் பதிவேட்டை மட்டும் அழிக்கக் கூடாது. என்றைக்கு எது போயிற்று என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. விபத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அழிப்பு நாளாக இருந்ததா என்று தேடினாள். இருந்தது. பட்டியல்படி 214 தாள். இயந்திரம் எண்ணியது 215. ஓரத்தில் குண்டு குண்டான எழுத்தில் ஒரு குறிப்பு: 'ஒன்று கூடுதல். காலித் தாளாக இருக்கலாம். ச.வ.'

எழுத்து அவளுடையது. அந்த நாள் அவளிடம் இல்லை. மேசையில் பரப்பிய தாள்களோடு சங்குக்கு அடியில் இருந்ததையும் கை வாரிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஒன்று கூடுகிறது என்று தெரிந்ததும் நின்று யோசித்தாளா? வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எழுதினாளா? ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் திங்கட்கிழமை கேள்விப்பட்டபோது, சான்றிதழில் கையெழுத்துப் போட்டபோது, இந்த ஒரு தாள் மனசில் உறுத்தியதா? உறுத்தியும் சும்மா இருந்தாளா? சாதாரண நாள் வகை, மூன்று வருஷக் கெடு. எப்போதோ நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்து அதையெல்லாம் அவிழ்த்துவிட்டாயிற்று. தான் நல்லவளாக இருந்தாளா என்பதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு இனி வழி இல்லை. அவள் அந்த அறையின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த கோமதிநாயகம் அவள் தோளுக்கு மேலாகப் படித்தார்.

"கோர்ட் கேட்டது சீட்டுப் பதிவேடு. அழிப்புப் பதிவேட்டக் கேக்கல. கேக்காதத நாம ஏன் குடுக்கணும்?"

"தேடிக் கிடைச்சிருச்சே சார்."

"வேல போயிரும் வடிவம்மா. உமக்குச் சொல்லுதேன்."

"அவரு செத்துக்கிட்டிருக்கயில என்னத் திட்டாதியன்னு சொன்னாரு சார்." "இதயும் மறைச்சா நான் எந்த நாற்காலியில போயி உக்காருவேன்?"

கோமதிநாயகம் அவளை எழுப்பக் கை நீட்டினார். பதிவேட்டைக் கூட்ட அறைக்கு அவரே தூக்கிக்கொண்டு போனார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தீர்ப்பு மூன்று மாதத்தில் வந்தது. 'விதி மீறி' என்ற சொற்களை எல்லா ஆவணங்களிலிருந்தும் நீக்கவும், உச்சிமாகாளி நாற்பது பேரைக் காப்பாற்றி இறந்தார் என்று அந்த இடத்தில் எழுதவும் உத்தரவு. தனக்கு எதிரான ஆவணத்தையும் ஒழுங்காக வைத்திருந்து தானே முன்வந்து கொடுத்தது என்பதால், ஆலை மீது வேண்டுமென்றே மறைத்த குற்றம் இல்லை என்றும் இருந்தது. அந்தக் குற்றம் மட்டும் நிரூபணமாகியிருந்தால் ஆலையையே மூடியிருப்பார்கள். ஒரே தபாலில் வடிவுக்குத் தலைமையகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. சிறந்த ஆவணப் பராமரிப்புக்குப் பாராட்டு ஒன்று. கவனக்குறைவுக்குக் கண்டனமும் பதவி உயர்வு நிறுத்தமும் இன்னொன்று. இரண்டுக்கும் அடுத்தடுத்த எண் போட்டு ஒரே கட்டில் வைத்தாள்.

அழிப்பு நாளிலும் வந்த சீட்டுக்கு வந்த நிமிஷமே எண் போட வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. சங்கை அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொன்ன சொல்படி தீர்ப்புக்கு மறுநாளே சேவியரின் நாடாவை அவிழ்த்தாள். விபத்து நாளோடு வழக்கு நடந்த நாட்களும் ஒரே கட்டாகச் சேர்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்து அவன் கையெழுத்துப் போட்டான். நாற்காலிக்குப் போகும் முன், "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னாக் குத்தம்லாக்கா."

"நெசத்தச் சொல்லு."

"ஒருத்தன் மேல கதவ மூடியாச்சு. இன்னொருத்தர் மேலயும் மூடணுமான்னுதான்." அவன் சிரிக்கப் பார்த்தான். "சொல்லியிருக்கணும். அந்தம்மா ஏழு வருஷம் அந்தப் பேரோட இருந்திருக்காவ. அதயும் சேத்துத்தான் மறக்கப் போறேன். தப்பாக்கா?"

"மறந்துட்டு நீ நிம்மதியாத் தூங்குனா அது தப்பில்ல. போ."

அன்று மாலை வடிவு தனக்கும் ஒரு படிவம் நிரப்பினாள். வழக்கு நாட்கள் அவளுக்குச் சாதாரண வகை; மூன்று வருஷத்தில் அவிழ்த்துவிடலாம். அழிக்கும் தேதி என்ற கட்டத்தில் 'கிடையாது' என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலியாகவே விட்டாள்.

அடுத்த அழிப்பு நாள் வெள்ளிக்கிழமை காலையில், பட்டுக்கனி தன் மகளை வேலையில் சேர்க்க வாசல்வரை வந்திருந்தாள். எதிரே வந்த சேவியரைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் கூப்பினாள். அவனும் குழப்பத்தோடு கூப்பிவிட்டு, இரண்டு டீயோடு ஆவணப் பிரிவுக்கு வந்தான். நாற்காலிக்குப் பிறகு எடுத்த நீண்ட லீவு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். முகம் தெளிந்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"வாசல்ல ஒரு அம்மா என்னயப் பாத்துக் கும்பிடுதாவ. யாருக்கா அவுக?"

"அவுக வீட்டுக்காரரு உங்கூட வேல பாத்தவரு. இறந்துட்டாரு."

"அப்படியா? எனக்குப் பிடி கிடைக்கலயே." அவன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். "நல்லவராக்கா?"

"நல்லவரு," என்றாள் வடிவு.

சேவியர் தலையாட்டிக்கொண்டே டீயை வைத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான். முகமூடிக்குப் புது வடிகட்டி வேண்டி எழுதியது. மேசை முழுக்கப் பரப்பியிருந்த பழைய தாள்களைப் பார்த்தான். அவன் கை பழக்கத்தில் மேசை ஓரத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் நின்றது.

"இன்னைக்கு அழிப்பு நாள்லா. சங்கு எங்கக்கா?"

வடிவு கை நீட்டினாள்.

"இங்க குடு," என்று வாங்கி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் போட்டாள்.